நுரையீரல் நோய்கள்: கண்டறிவதிலும் சிகிச்சையிலும் புதிதாக என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"புது மருந்து வந்திருக்கிறதாமே?" நுரையீரல் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வந்திருக்கிறது, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏராளமாக. ஆனால் அவற்றில் பலவற்றை நோயின் பெயரை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட முடியாது. அந்த நோயில் எந்த வகை என்று சோதித்த பிறகே கொடுக்க முடியும். அதனால் கீழே மருந்து பற்றிக் கேட்ட இடத்திலும் சோதனைப் பேச்சு குறுக்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்ள இது உதவும். அவர் செய்ய வேண்டிய வேலையை இது செய்யாது.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு ஊதிப் பார்க்கும் பரிசோதனை?

எக்ஸ்ரே நுரையீரலின் உருவத்தைக் காட்டும். காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதைக் காட்டாது. ஆஸ்துமாவிலும், சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயிலும் கோளாறு இருப்பது அந்த வேகத்தில்தான். படம் பளிச்சென்று இருக்கும், ஆள் பாதி மாடிப்படியில் மூச்சு வாங்க நிற்பார்.

ஊதிப் பார்ப்பதற்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்துவிடுவார்கள். வாயில் ஓர் அட்டைக் குழாய். நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்து, வெடித்தாற்போல ஊதி, கடைசிக் காற்றுவரை தள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும், விட்டுடாதீங்க" என்று கிட்டத்தட்டக் கத்துவார். கோபமில்லை, அப்படிக் கத்தாவிட்டால் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். கண்ணில் நீர் முட்டும், தலை லேசாகக் கிறுகிறுக்கும். மூன்று தடவையாவது செய்யச் சொல்வார்கள்.

முதல் நொடியில் வந்த காற்றை, மொத்தமாக வந்த காற்றால் வகுக்கிறார்கள். மொத்தம் 3 லிட்டர், முதல் நொடியில் 1.5 லிட்டர் என்றால் 0.5. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இந்த எண் 0.7-க்குக் கீழேயே நின்றால் சி.ஓ.பி.டி. என்ற சந்தேகம் வலுக்கிறது. மருந்துக்குப் பிறகு நன்றாக ஏறிவிட்டால் ஆஸ்துமா பக்கம் சாய்கிறது.

2024-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மூச்சுத் தொல்லை இருந்தும் என்ன நோயென்று தெரியாமலே இருந்தவர்களைத் தொலைபேசியில் தேடிப் பிடித்து ஊதவைத்தார்கள். ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ இருப்பதாகத் தெரிந்த 508 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். நுரையீரல் மருத்துவர் கவனித்த குழுவினர் மூச்சுக் கோளாறுக்காக மருத்துவ உதவி தேடியது, ஆளுக்கு ஆண்டுக்கு சராசரியாக 0.53 தடவை. வழக்கமான மருத்துவரிடமே விடப்பட்டவர்கள் 1.12 தடவை. எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று: இரண்டாவது குழுவும் முன்னைவிடத் தேறியிருந்தது. என்ன நோயென்று தெரிந்ததும் அவர்களுக்கும் உரிய மருந்து தொடங்கியிருக்கும் அல்லவா.

இளைப்பு வந்தால் மட்டும் நீல இன்ஹேலர் அடித்துக்கொள்கிறேன். அது போதாதா?

போதாது. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். குழலின் உட்சுவரில் இருக்கும் அழற்சியைத் தொடாது. நிமிடத்தில் சுகம் கிடைப்பதால் நோய் அடங்கிவிட்டதாகத் தோன்றும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

2018-இல் வெளியான சிக்மா ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினர் தேவைப்படும்போது மட்டும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான புடெசொனைடு, தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெரால் இரண்டும் சேர்ந்த இன்ஹேலரை எடுத்தார்கள். தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் எடுத்தவர்களைவிட இவர்களுக்குக் கடுமையான தாக்குதல்கள் 64% குறைவாக வந்தன. அடுத்த ஆண்டே, ஆஸ்துமாவுக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரைத் தனியாகக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஏறக்குறைய 50 ஆண்டுப் பழக்கம் அது.

"ஸ்டீராய்டு கலந்ததாமே" என்று தயங்குகிறவர்களுக்கு: இன்ஹேலரில் மருந்தை மைக்ரோகிராமில் அளக்கிறார்கள், மாத்திரையில் மில்லிகிராமில். ஆயிரம் மடங்கு வித்தியாசமுள்ள அளவைகள். வாயைக் கொப்பளித்துத் துப்ப மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆஸ்துமாவுக்கு ஊசி போட்டால் இன்ஹேலரே வேண்டாமாமே?

யாரோ பாதியைச் சொல்லி மீதியை விட்டிருக்கிறார்கள். இந்த ஊசிகள் (பயாலஜிக்ஸ் என்பார்கள்) இன்ஹேலரைச் சரியாகப் போட்டும் அடங்காத கடுமையான ஆஸ்துமாவுக்கு, இன்ஹேலரோடு கூடவே கொடுப்பவை. 2003-இல் ஒமாலிசுமாப், 2015-இல் மெபோலிசுமாப், 2017-இல் பென்ராலிசுமாப், 2018-இல் டுபிலுமாப், 2021-இல் டெசெபெலுமாப் என்று ஒவ்வொன்றாக அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றன. ஒவ்வொன்றும் அழற்சிச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. எந்தக் கண்ணி என்று தெரிய, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வகை வெள்ளணுக்களை எண்ணுவார்கள், ஒவ்வாமைக்கான ஐ.ஜி.இ. அளவைப் பார்ப்பார்கள், வெளிமூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டாலே போதும் என்ற டெபிமோகிமாப் ஊசி, 2024-இல் வெளியான ஆய்வுகளில் தாக்குதல்களை 54% குறைத்தது.

ஊசிக்குப் போகும் முன் ஒரு காரியம்: இன்ஹேலரை மருத்துவர் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அடங்காத ஆஸ்துமா என்று அனுப்பப்படுகிறவர்களில் பலருக்கு மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே படிந்துகொண்டிருக்கும்.

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. வருஷக்கணக்காக அதே இன்ஹேலர்தான். அதற்கும் ஊசி உண்டா?

உண்டு, எல்லாருக்கும் இல்லை. மூன்று மருந்து சேர்ந்த இன்ஹேலர் போட்டும் அடிக்கடி நோய் முற்றி, ரத்தத்தில் இயோசினோஃபில் மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களிடம் டுபிலுமாப்பைச் சோதித்தார்கள். 2023-இலும் 2024-இலும் வெளியான இரண்டு ஆய்வுகளில் தாக்குதல்கள் முறையே 30%, 34% குறைந்தன. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2025 மே மாதம் மெபோலிசுமாப்பும் சேர்ந்துகொண்டது. இயோசினோஃபில் குறைவாக உள்ளவர்களுக்கும் பொருந்தும்படி நெபுலைசரில் எடுக்கும் என்சிஃபென்ட்ரின் இருக்கிறது (2024 ஜூன்).

அப்பாவின் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளை எடுங்கள். மொத்த வெள்ளணுக்கள் 8,000, இயோசினோஃபில் 5% என்று இருந்தால், 8,000-இல் 5%, அதாவது 400. இந்த எண் பல தாள்களில் இருக்கிறது, கவனிக்கத்தான் ஆளில்லை. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் எடுத்த ரத்தமென்றால் எண் குறைத்துக் காட்டும். வயிற்றுப் பூச்சியோ ஒவ்வாமையோ இருந்தால் கூட்டிக் காட்டும்.

2024-இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட என்னை யோசிக்கவைத்தது. ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ திடீரென முற்றினால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது பல பத்தாண்டுகளாக மாறாத வழக்கம். இயோசினோஃபில் கூடிய நிலையில் தாக்குதல் வந்த 158 பேரைப் பிரிட்டனில் எடுத்து, சிலருக்கு ஸ்டீராய்டு மட்டும், மற்றவர்களுக்கு ஸ்டீராய்டோடு சேர்த்தோ சேர்க்காமலோ பென்ராலிசுமாப் ஒரே ஒரு ஊசி கொடுத்தார்கள். 90 நாளில் சிகிச்சை பலிக்காமல் போனது ஸ்டீராய்டு குழுவில் 74%, ஊசி போட்டவர்களில் 45%. பெரிய ஆய்வுகளில் இது நிலைத்தால் அவசர சிகிச்சை அறையின் வழக்கமே மாறும்.

ஊசியைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் மறந்துவிடும் ஒன்று, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. நடை, தசைப் பயிற்சி, மூச்சை ஆளும் முறை என்று சில வாரங்கள் போகும். மூச்சிரைப்பையும் நடக்கும் தூரத்தையும் அது மாற்றும் அளவுக்கு மாற்றும் மருந்துகள் குறைவு. விளம்பரம் செய்ய யாருமில்லாததால் செய்தியில் வருவதில்லை.

நாற்பது வருஷம் புகைத்தாயிற்று. இப்போது விட்டு என்ன ஆகப் போகிறது?

11 ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தொடக்கத்திலேயே விட்ட ஆண்களுக்கு முதல் நொடிக் காற்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறைந்தது. விடாதவர்களுக்குச் சுமார் 66. போனது திரும்பாது, போகும் வேகம் பாதியாகும். இதைச் செய்யும் மாத்திரை இன்னும் வரவில்லை.

நுரையீரல் புற்றுநோயை அறிகுறி வருமுன்பே கண்டுபிடிக்க முடியுமா?

குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் மூலம் முடியும். அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட, நிறையப் புகைத்தவர்களை வைத்து நடந்த ஆய்வில் (2011), சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சிடி எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20% குறைந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்த நெல்சன் ஆய்வில் (2020) ஆண்களில் பத்து ஆண்டுகளில் 24% குறைந்தது. 50 முதல் 80 வயது வரை, 20 'பாக்கெட் ஆண்டுகள்' புகைத்தவர்கள், இன்னும் புகைப்பவர்களாகவோ விட்டு 15 ஆண்டுக்குள் இருப்பவர்களாகவோ இருந்தால் ஆண்டுதோறும் எடுக்கலாம் என்பது அமெரிக்காவின் 2021 பரிந்துரை. தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டு, அல்லது இரண்டு பாக்கெட் வீதம் 10 ஆண்டு; கணக்கு ஒன்றுதான்.

ஸ்கேனில் 6 மி.மீ. புள்ளி என்று வந்திருக்கிறது. தூக்கமே போய்விட்டது.

போகும்தான். ஆனால் அந்தப் பெரிய அமெரிக்க ஆய்வில், சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்ட சிடி முடிவுகளில் 96% புற்றுநோயாக இல்லை. ஆறிப்போன பழைய காசநோய்த் தழும்பு, பூஞ்சைத் தடம், சிறு நிணநீர் முடிச்சு, இப்படி எதுவாகவும் இருக்கலாம். அறிக்கையில் 'நோட்யூல்' என்று இருப்பதை வீட்டில் 'கட்டி' என்று மொழிபெயர்த்துக்கொள்வதில்தான் பாதிப் பயம் வருகிறது.

மருத்துவர் "மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம்" என்றால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். வளர்கிறதா என்று பார்க்க நேரம் வேண்டும். இங்கே ஒரு கணக்கு: 6 மி.மீ. விட்டமுள்ள உருண்டை ஏறக்குறைய 7.5 மி.மீ. ஆனாலே அதன் பருமன் இரண்டு மடங்காகிவிடும். ஒன்றரை மி.மீ.யைக் கண்ணால் பார்த்து "அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். அதனால்தான் நெல்சன் ஆய்வில் விட்டத்தை விட்டுவிட்டு கணினி கொண்டு பருமனை அளந்தார்கள். 400 நாளுக்குள் இரட்டித்தால் சந்தேகம் அதிகம், 600 நாளைத் தாண்டினால் குறைவு. பழைய ஸ்கேன் எப்போதாவது எடுத்திருந்தால் அது பதிந்த குறுந்தகட்டோடு கொண்டுபோங்கள். ஒப்பிட அதைவிட உதவியான பொருள் கிடையாது.

திசு எடுக்க வேண்டும் என்றால் நெஞ்சில் ஊசி குத்துவார்களா, குழாய் விடுவார்களா?

இரண்டும் உண்டு. 2025-இல் வந்த வெரிடாஸ் ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. வழிகாட்டும் கருவியோடு மூச்சுக்குழல் வழியாகப் போய் எடுத்தால் சரியான முடிவு 79%, வெளியிலிருந்து ஊசி போட்டால் 73.6%. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது முன்னதில் 3.3%, பின்னதில் 28.3%. புள்ளி இருக்கும் இடத்தையும் கருவி இருக்கிறதா என்பதையும் பொறுத்து மருத்துவர் முடிவு மாறலாம்.

அம்மா ஒரு நாளும் புகைத்ததில்லை. அவருக்கு எப்படி?

பலரும் ஏதோ குற்ற உணர்வோடு கேட்கும் கேள்வி. 2023-இல் லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்லஸ் ஸ்வான்டன் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. புற்றுநோயே இல்லாத நுரையீரல் திசுக்களை எடுத்து நுணுகிப் பார்த்தார்கள். 18% மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவிலும், 53% மாதிரிகளில் கே-ராஸ் மரபணுவிலும் புற்றுநோயைத் தூண்டக்கூடிய மாற்றங்கள் ஏற்கெனவே இருந்தன. வயது ஏற ஏற வருபவை இவை. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கச் சும்மா உறங்கும். பி.எம். 2.5 எனப்படும் நுண்தூசி உள்ளே போகும்போது, அதை விழுங்க வரும் காவல் அணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சுரப்பை வெளிவிடுகின்றன. உறங்கிக்கொண்டிருந்த அணுவை அது எழுப்பிவிடுகிறது. அதாவது தூசி புதிதாக மரபணுவைக் கெடுக்க வேண்டியதில்லை, கெட்டுக் கிடப்பதைத் தட்டினால் போதும்.

அப்படியானால் அந்தச் சுரப்பைத் தடுத்தால்? கனாகினுமாப் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. இதய நோயாளிகளுக்காக நடந்த ஆய்வில் (2017), அதைப் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்ததை எதிர்பாராமல் கவனித்தார்கள். பெரிய உற்சாகம். பிறகு, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது ஏமாற்றம்தான் மிஞ்சியது. எழுப்பாமல் தடுப்பதும் எழுந்தபின் அடக்குவதும் வேறு வேறு வேலை போலிருக்கிறது.

புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஆனால் ஜீன் டெஸ்ட் வரட்டும் என்று காக்கவைக்கிறார்கள். நேரம் வீணாகாதா?

பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு வீணில்லை. 2004-இல் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம், 2007-இல் ஏ.எல்.கே. மாற்றம் என்று கண்டுபிடிப்புகள் வரத் தொடங்கியதும், 'நுரையீரல் புற்றுநோய்' என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருப்பது தெரிந்தது. ஏ.எல்.கே. மாற்றத்தோடு நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களில் லோர்லாடினிப் மாத்திரை எடுத்தோரில் 60% பேருக்கு ஐந்தாண்டு கழித்தும் நோய் முன்னேறவில்லை. பழைய மாத்திரையான கிரிசோடினிப்பில் அது 8%. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தோடு ஆரம்ப நிலையில் அறுவை செய்துகொண்டவர்கள் பிறகு ஒசிமெர்டினிப் எடுத்தால், ஐந்தாண்டு உயிரோடு இருப்போர் 88%, எடுக்காதவர்களில் 78%. மருந்து எதுவுமே பிடிக்க முடியாத புரதம் என்று பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டிருந்த கே-ராஸுக்கும், அதில் ஒரு வகைக்கு மட்டும், 2021-இல் சோடோராசிப் வந்தது.

காத்திருப்பதற்கு இன்னொரு காரணம் அதிகம் வெளியே பேசப்படுவதில்லை. முடிவு வருமுன் அவசரமாக நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்தை ஏற்றிவிட்டு, பிறகு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பது தெரிந்து ஒசிமெர்டினிப்புக்கு மாறினால், நுரையீரல் அழற்சி போன்ற கடும் பக்கவிளைவுகள் கூடுகின்றன. வரிசை முக்கியம்.

திசு போதவில்லை என்றால் ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் டி.என்.ஏ.வைத் தேடுவார்கள். அதில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமாகாது. கட்டி போதுமான டி.என்.ஏ.வை ரத்தத்தில் விடாமல் இருந்திருக்கலாம்.

எந்த மாற்றமும் இல்லாமல், பி.டி.-எல்1 என்ற புரதம் 50% அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு, பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து தனியாகவே கீமோவை முந்தியது: முற்றிய நிலையிலும் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் 31.9%, கீமோவில் 16.3%.

எக்ஸ்ரேவை ஏ.ஐ. பார்த்து நோயைச் சொல்லிவிடுமாமே?

காசநோயைப் பொறுத்தவரை இது ஆய்வுக்கூட வேடிக்கை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. 15 வயதுக்கு மேற்பட்டோரின் நெஞ்சு எக்ஸ்ரேவைக் காசநோய்க்காகக் கணினி படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இலேயே பரிந்துரைத்துவிட்டது. கதிரியல் மருத்துவர் கிடைக்காத இடங்களில், யாருக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்று சலித்தெடுக்க அது கைகொடுக்கிறது. நோயை உறுதிப்படுத்துவது அப்போதும் சளிதான்.

டிபிக்கு இன்னும் அதே ஆறு மாத மாத்திரைதானா?

பலருக்கு அதேதான். 2024-இல் உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேலானோருக்குக் காசநோய் வந்து, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழைய நோய் என்று ஒதுக்க முடியாத கணக்கு. ஆனால் மூன்று இடங்களில் நிஜமான மாற்றம் வந்திருக்கிறது.

கண்டறிவதில், 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஜீன்எக்ஸ்பர்ட், சளியில் கிருமி உண்டா, முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். முன்பு கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடங்காத கிருமியோடு தவறான மருந்தில் ஆள் இருந்திருப்பார்.

மருந்தில், கூட்டு மருந்துகளுக்கு அடங்காத டிபிக்கு ஒன்றரை இரண்டு வருடம் சிகிச்சை, அதில் மாதக்கணக்கில் காதைச் செவிடாக்கக்கூடிய ஊசி என்பதுதான் பழைய நிலை. பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினெசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கும் ஆறு மாதம், எல்லாமே வாய்வழி என்று 2022-இல் மாறியது. ஆய்வில் வெற்றி 89%, பழைய முறையில் 52%. சாதாரண டிபியையும் ரிஃபாபென்டின் உள்ள கூட்டில் நான்கு மாதத்தில் முடிக்கலாம் என்று 2021-இல் நிரூபணமானது.

தடுப்பில், பி.சி.ஜி. வந்தது 1921. அதன் பிறகு பெரியவர்களுக்கான நல்ல தடுப்பூசி இல்லை. எம்72 என்ற ஊசி இரண்டாம் கட்ட ஆய்வில் சுமார் பாதியளவு பாதுகாப்புக் கொடுத்து, 2024-இல் மூன்றாம் கட்டத்துக்குப் போயிருக்கிறது.

மாமாவுக்கு நுரையீரல் நார்த்திசு நோய். "வெல்க்ரோ சத்தம் கேட்கிறது" என்றார் டாக்டர். என்ன அது?

பையின் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும் 'பர்ர்' சத்தம். முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னால் கேட்கும். இறுகிப்போன நுரையீரல் விரியும் ஒலி. படிப்படியாகக் கூடும் மூச்சிரைப்பு, வறட்டு இருமலோடு இதுவும் சேர்ந்தால் நுண் சிடி எடுத்துத் தேன்கூடு போன்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

காரணம் தெரியாத வகைக்கு (ஐ.பி.எஃப்.) ஒரு காலத்தில் ஸ்டீராய்டு, அசதியோபிரின், அசிடைல்சிஸ்டைன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அழற்சிதானே, அடக்கினால் சரியாகும் என்ற எண்ணம். முறையாகச் சோதித்தபோது மூன்று மருந்து குழுவில் 8 பேர், வெற்று மாத்திரைக் குழுவில் 1 பேர் இறந்திருந்தார்கள். 2011-இல் அந்தப் பிரிவை நடுவிலேயே நிறுத்தினார்கள். பழைய சீட்டில் அந்தக் கூட்டு இன்னும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2014-இல் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2025-இல் நெரான்டோமிலாஸ்ட். அதன் ஆய்வில் 52 வாரத்தில் மூச்சுக் கொள்ளளவு வெற்று மாத்திரையில் 183.5 மில்லிலிட்டரும், அதிக அளவு மருந்தில் 114.7 மில்லிலிட்டரும் குறைந்தது. எண்களைப் பாருங்கள்: மருந்து எடுத்தவர்களுக்கும் குறையத்தான் செய்தது. இந்த மூன்றும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும், வண்டியைப் பின்னால் ஏற்றாது. "மருந்து சாப்பிட்டும் தேறவில்லையே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் படுத்தினால் அளவைக் குறைக்க வழியுண்டு, கேளுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நுரையீரல் புதிதாக வளருமாமே?

சி.ஓ.பி.டி.க்கோ நார்த்திசு நோய்க்கோ பெரிய ஆய்வில் நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இன்றுவரை இல்லை. ஆய்வில் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டு உங்களிடமே பணம் வாங்கினால், அது எந்த மாதிரி ஆய்வு என்று யோசியுங்கள்.

அரிய நோய்களுக்கு ஏதாவது?

கெட்டிச் சளி நுரையீரலை அடைக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நடந்தது கதை போல. 1989-இல் மரபணு கிடைத்தது. 2019-இல் வந்த மூன்று மருந்துக் கூட்டு, நோயாளிகளில் ஏறக்குறைய 90% பேருக்குப் பொருந்துகிறது. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்த நோய்க்கு 2024-இல் சோடாடெர்செப்ட். மூச்சுக்குழல் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸுக்கு 2025-இல் பிரென்சோகாடிப். அதற்கு முன் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

ஐ.சி.யூ.வில் அண்ணனைக் குப்புறப் படுக்கவைத்திருக்கிறார்கள். பார்க்கவே பதறுகிறது.

பதறாதீர்கள். கடுமையான சுவாசச் செயலிழப்பில் முதுகுப்பக்க நுரையீரல் அமுங்கிக் கிடக்கும். புரட்டினால் அது விரியும். 2013-இல் வந்த ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களை நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது 28 நாள் இறப்பு 32.8%-இலிருந்து 16% ஆனது. செலவில்லாத சிகிச்சை, தூக்கிப் புரட்ட நாலைந்து பேர் வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பலாமா?

போக்கை நம்பலாம், ஒற்றை எண்ணை அளவாக. நிறமுள்ள தோல் வழியே ஒளி போகும்போது கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7% அளவீடுகளில், வெள்ளையரில் 3.6%. தோல் கறுப்பாக இருந்து, எண் 94 காட்டி, ஆள் மூச்சுத் திணறினால், ஆளை நம்புங்கள். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் தனியாகக் குழப்பும்.

போன வருஷம் ஸ்பைரோமெட்ரி "இயல்பு" என்றது, இந்த வருஷம் "லேசான குறைபாடு" என்கிறது. ஒரே வருஷத்தில் இவ்வளவு கெட்டுப்போகுமா?

முதலில் சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டரைப் பாருங்கள். சதவீதம் என்பது உங்கள் வயது, உயரம், பாலினத்துக்கு 'எதிர்பார்க்கும்' அளவோடு ஒப்பிட்டது. முன்பு இனத்துக்கு இனம் அந்த எதிர்பார்ப்பை மாற்றி வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் குறைத்து. குறைந்த அளவுகோலில் அளந்தால் நோய் இருந்தாலும் இயல்பென்றே தெரியும். 2022-இல் இனம் பார்க்காத சமன்பாடு வந்தது, 2023-இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் அதையே பயன்படுத்தச் சொன்னது. ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன.

ஆகவே போன வருஷம் 2.41 லிட்டர், இந்த வருஷம் 2.38 என்றால், மாறியது பெரும்பாலும் கணக்கு. 2.41 இருந்தது 2.05 ஆகியிருந்தால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போங்கள். எந்தச் சமன்பாடு என்பதைத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.